மார்ஸ் மேடையில் எழுந்த வாதம்

ஒரு கொள்கையின் உரத்தை அறிய விரும்புவோர், அதனை ஏற்றுக்கொண்டோர் கூட்டத்தில் அது எங்ஙனம் போற்றப்படுகின்றது என்று மட்டும் பார்த்தாற் போதாது. அதனை ஏற்காதார் நடுவே அது எங்ஙனம் நின்று பேசிற்று என்றும் பார்த்தல் வேண்டும். உலகையும் அதிலுள்ள யாவற்றையும் ஒரு கடவுள் படைத்தார் என்னும் போதனையைக் கிறிஸ்து மதத்தின் முதற் பிரசாரகர் கிரேக்க ஞானிகளின் முன் எடுத்துரைத்த வரலாறு அத்தகையது. அவ்வாதம் ஏறத்தாழ 500 ஆண்டுகள் நடைபெற்றது. அதில் இரு திறத்தாரும் சொன்னவை யாவை, அச்சொற்கள் நம் கைக்கு எட்டியது எவ்வாறு, முடிவில் அவ்வாதம் யாரால் நிறுத்தப்பட்டது என்பவற்றை மதப்பற்றுடையாரும் அஃதில்லாரும் ஒருங்கே அறிதல் நலமாகும்.

நகரும் ஞானிகளும்

கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கிரேக்க தேசம் ரோமாபுரியின் ஆட்சிக்கு உட்பட்டுவிட்டது. ஏதென்ஸ் நகரின் படைவலியும் கடல்வலியும் பழங்கதையாய்ப் போயின. எனினும் கல்விக்கு அந்நகரின் பெயர் குன்றவில்லை. ரோமாபுரிச் செல்வர் தம் மைந்தரை அங்கு அனுப்பிப் படிப்பித்தனர். நாவலர் சிசரோவும் இளமையில் அங்குச் சென்று பயின்றவரே.

அந்நகருக்கு மக்கதோனியா நாட்டுப் பெரோயா என்னும் ஊரிலிருந்து ஒரு யூதர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் பவுல். பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் என்று வழங்கினர். இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியாகிய சிலிசியாவில், தர்சு நகரில் பிறந்தவர். கூடாரம் செய்யும் கைத்தொழிலால் பிழைத்தவர். கிரேக்க மொழியில் வல்லவர். பின்னே வரவேண்டிய தோழர் இருவருக்காகக் காத்திருந்த நாட்களில், சந்தைவெளியில் எதிர்ப்பட்டோருடன் அவர் நாள்தோறும் வாதித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகின்றது. ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்கு முன் சாக்ரட்டீஸ் கேள்வி கேட்டுத் திரிந்ததும் அந்தச் சந்தைவெளியிலேதான்.

அங்கே பவுலை எதிர்கொண்டோர் இரு பள்ளியைச் சார்ந்த ஞானிகள். ஒரு சாரார் எப்பிக்கூரர். இவர்களுடைய ஆசான் எப்பிக்கூரஸ் கி.மு. 306ஆம் ஆண்டை ஒட்டி ஏதென்ஸில் ஒரு தோட்டத்தில் தம் பள்ளியைத் தொடங்கினார். உலகம் அணுக்களும் வெற்றிடமும் கூடியதால் ஆயது. தேவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் உலகைப் படைக்கவுமில்லை, மனிதர் காரியத்தில் தலையிடுவதுமில்லை. இறப்புக்குப் பின் உணர்ச்சி இல்லை, ஆகவே அஞ்சுவதற்கும் ஒன்றுமில்லை என்பது அவர் போதனை. மறு சாரார் ஸ்தோயிக்கர். கி.மு. 300ஆம் ஆண்டை ஒட்டிச் சீனோ என்பவர் ஓவியம் தீட்டிய தூண் மண்டபம் ஒன்றிலிருந்து போதித்தமையால், மண்டபத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இவர்களுக்குப் பெயராயிற்று. கடவுள் உலகிற்குப் புறம்பானவர் அல்லர். நெருப்பை ஒத்த அறிவாக உலகெங்கும் ஊடுருவி நின்று அதனை நடத்துகின்றார். உலகம் ஊழிதோறும் நெருப்பில் ஒடுங்கி மீண்டும் தோன்றும் என்பது இவர்கள் கொள்கை.

இவ்விரு பள்ளியாரேயன்றிப் பிளேட்டோவின் வழிவந்தோரும் அரிஸ்டாட்டிலின் வழிவந்தோரும் இருந்தனர். பிளேட்டோ ஒரு தெய்வக் கம்மியனைப் பற்றி எழுதியிருக்கின்றார். ஆயின் அக்கம்மியன் ஏற்கெனவே ஒழுங்கின்றிக் கிடந்த பொருளை ஒழுங்குபடுத்தியவனே. அரிஸ்டாட்டிலோ உலகிற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்றார். இவர்கள் தமக்குள் எவ்வளவு மாறுபட்டாலும், இல்லாத ஒன்றிலிருந்து எதுவும் தோன்றாது என்பதில் ஒருமனப்பட்டிருந்தனர். கிரேக்கருக்குத் தேவர்கள் பஞ்சமில்லை. உலகிற்குப் புறம்பே நின்று, தம் சித்தத்தால் அதனை உண்டாக்கி, ஒரு நாள் அதற்குத் தீர்ப்பும் கூறப்போகின்ற ஒரே கடவுள் என்னும் கருத்தே அவர்களுக்குப் புதியது.

ஆதலின் பவுலைக் கேட்டோர் சிலர் அவரை எள்ளி நகையாடினர். சிதறிக் கிடக்கும் தானியத்தைப் பொறுக்கும் பறவைக்குரிய ஒரு சொல்லால் அவரைச் சுட்டினர்; பிறர் கருத்துக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி வந்து பேசுபவர் என்பது அதன் குறிப்பு. வேறு சிலர், இவர் அந்நிய தேவதைகளைக் கொண்டுவருகின்றார் என்றனர். இது விளையாட்டான பேச்சன்று. கி.மு. 399இல் சாக்ரட்டீஸின்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் புதிய தெய்வங்களைப் புகுத்தினார் என்பதும் ஒன்று. உயிர்த்தெழுதலைக் குறிக்கும் அனஸ்தாசிஸ் என்னும் சொல்லைக் கேட்டவர்கள் அதனை ஒரு பெண் தெய்வத்தின் பெயரென்று எண்ணிவிட்டனர் என்று பிற்காலக் கிறிஸ்தவ உரையாசிரியரான கிறிசோஸ்தோம் விளக்கம் கூறினார்.

மேடைப் பேச்சு

பவுலை அவர்கள் அரியோபாகுவிற்கு அழைத்துச் சென்றனர். அக்ரோபோலிஸ் கோட்டைக்கு வடமேற்கே உள்ள பாறைக்குன்று அது. போர்த்தெய்வமாகிய ஆரீஸின் பெயர் பெற்றது. ரோமர் அத்தெய்வத்தை மார்ஸ் என்றமையால் தமிழ் வேதாகமம் மார்ஸ் மேடை என்று பெயர்த்தது. அதே பெயரால் ஒரு பழைய நியாய சபையும் இருந்தது. பவுல் பேசியது குன்றின்மேலா, சபையின் முன்னா என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுகின்றனர். பேச்சும் சில பதிற்றாண்டுகள் கழித்தே எழுத்தில் ஏறியது. ஆதலின் அதைச் சொல்லுக்குச் சொல் பவுல் பேசியதென்று கொள்ளலாகாது. எனினும் முதற் கிறிஸ்தவர் கிரேக்க அறிவாளரை எவ்வாறு அணுகினர் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேறில்லை.

யூதர் ஆலயங்களில் பேசும்போது யூத வேதத்தை எடுத்துக்காட்டிய பவுல், இங்கே அவ்வேதத்தின் பெயரையே சொல்லவில்லை. கேட்போர் ஒப்பாத நூலைக் காட்டி அவர்களை ஒப்பச் செய்ய இயலாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நகரில் தாம் கண்ட ஒரு பீடத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். அறியப்படாத ஒரு தெய்வத்திற்கென்று எழுதி வைக்கப்பட்டிருந்த பீடம் அது. இது கட்டுக்கதையன்று, இத்தகைய பீடங்களை அந்நகரின் துறைமுகத்தருகே கண்டதாக இரண்டாம் நூற்றாண்டில் யாத்திரை நூல் எழுதிய பௌசானியஸும் குறிப்பிடுகின்றார். நீங்கள் அறியாமல் வணங்குவது எதுவோ அதனையே நான் அறிவிக்கின்றேன் என்பது பவுலின் வாதமாயிற்று.

பின்னர் அவர் கூறியவற்றைச் சற்று நிறுத்தி ஆராய்வோம். உலகைப் படைத்தவர் மனிதர் கைகளால் கட்டிய கோயிலில் குடியிருப்பவர் அல்லர் என்றார். கி.மு. 438இல் தெய்வத்திற்கு அர்ப்பணிக்கப்பட்ட பார்த்தெனோன் கோயில் எதிரே உயர்ந்து நிற்க, இச்சொல் பிறந்தது. ஆனால் ஸ்தோயிக்கருக்கு இது புதிதன்று. கோயில்கள் கட்டவேண்டுவதில்லை என்று அவர்களுடைய ஆசான் சீனோவே எழுதியிருந்தார். கடவுளுக்கு மனிதரிடமிருந்து வேண்டுவது யாதுமில்லை என்றார் பவுல். எப்பிக்கூரர் இதற்குத் தலையசைத்திருப்பர். குறைவற்ற தேவர்க்கு நம் பலியும் படையலும் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. மனித குலத்தின் எல்லாச் சாதியாரும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியவர் என்றார். இங்கேதான் நகரத்தாரின் பெருமிதத்தில் அடி விழுந்தது. தாங்கள் வந்தேறிகள் அல்லர், தம் மண்ணிலேயே முளைத்த தனிக்குலத்தார் என்பது ஏதென்ஸ் மக்கள் நெடுநாளாய்ப் பேசிவந்த பெருமை. தெய்வத்தின் மக்களே நாம் என்னும் கருத்தைப் பவுல் கிரேக்கப் புலவர் வாக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். அதைப் பாடியவர் அராத்தஸ், ஸ்தோயிக்கச் சார்புடையவர், பவுல் பிறந்த அதே சிலிசியா நாட்டினர்.

இதுகாறும் கேட்டோர் அமைதியாய்க் கேட்டிருத்தல் கூடும். தீர்ப்பு நாள் ஒன்று வரும், அதற்கு அடையாளமாக இறந்த மனிதர் ஒருவரைக் கடவுள் உயிரோடு எழுப்பினார் என்று சொன்னவுடனே அமைதி குலைந்தது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கி.மு. 458இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் இயற்றிய யூமெனிடீஸ் என்னும் நாடகம் அரங்கேறியது. அரியோபாகு சபை நிறுவப்பட்ட கதையே அந்நாடகத்தின் பொருள். அதில் அப்பல்லோ தெய்வம், மனிதனின் இரத்தத்தை மண் குடித்துவிட்டால் பின்னர் அவனுக்கு எழுச்சி இல்லை என்ற கருத்தைக் கூறுகின்றது. அவ்விடத்திலும் ஆளப்பட்ட சொல் அனஸ்தாசிஸ் என்பதே. எந்தச் சபையின் பிறப்பைப் பாடும்போது கிரேக்கத் தெய்வம் இறந்தோர் எழார் என்றதோ, அந்தச் சபையின் பெயர் தாங்கிய இடத்தில் ஓர் அந்நியர் வந்து எழுந்தார் ஒருவர் என்றார்.

முடிவு மூவகையாயிற்று. சிலர் நகைத்தனர். சிலர் இதைப்பற்றி உம்மிடம் பிறிதொருகால் கேட்போம் என்றனர். சிலர் நம்பினர், அவர்களுள் அச்சபையைச் சேர்ந்த தியொனீசியு என்பவரும் தாமரி என்னும் பெண்ணும் பெயர் குறிக்கப்பட்டுள்ளனர். ஒருவரும் பவுலைக் கல்லாலெறியவில்லை; சிறையிலிடவில்லை. அவர் தாமாகவே புறப்பட்டுக் கொரிந்து நகருக்குச் சென்றார். அங்கு அவரைச் சிலர் ஆளுநர் கல்லியோவின் முன் நிறுத்தினர். வழக்கை அவர் தள்ளிவிட்டார். இக்கல்லியோ ஸ்தோயிக்க ஞானி செனெக்காவின் உடன்பிறந்தவர். அவர் ஆளுநராயிருந்த காலம் கி.பி. 51, 52 ஆண்டுகள் என்பது டெல்பி நகரில் கண்டெடுத்த கல்வெட்டினால் அறியப்படுவதால், பவுலின் ஏதென்ஸ் வருகைக்கும் காலம் கணிக்க முடிகின்றது.

இல்லாததிலிருந்து உலகம்

நிற்க. பவுல் சென்ற பின்னும் கேள்வி நின்றது. உலகைக் கடவுள் படைத்தார் எனின், எதிலிருந்து படைத்தார்? இதற்கு முதற் கிறிஸ்தவர்களிடம் ஒரே விடை இருந்தது என்று எண்ணற்க. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் போதித்த ஜஸ்டின், ஸ்தோயிக்கர், அரிஸ்டாட்டில் வழியினர், பிதாகரஸ் வழியினர், பிளேட்டோ வழியினர் என்று பல வாயில்களில் ஞானம் தேடியபின் கிறிஸ்தவரானவர். ஆன பின்னும் தத்துவ ஞானிகளுக்குரிய மேலாடையைக் களையாதவர். பகுத்தறிவோடு வாழ்ந்த சாக்ரட்டீஸ் முதலானோரும் கிறிஸ்தவரே என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. அவர்கூட உருவற்ற பொருளிலிருந்தே கடவுள் உலகை ஆக்கினார் என்று பிளேட்டோவோடு ஒத்துப் பேசினார்.

ஜஸ்டினுக்குச் சிறிது பின்னர், கி.பி. 180ஐ ஒட்டி, அந்தியோகியா நகரின் தியோபிலஸ் இதனை மறுத்தார். பொருளும் கடவுளைப் போலத் தொடக்கமற்றதாயின் கடவுள் ஒருவரே யாவற்றிற்கும் தலைவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? கிடைத்த பொருளைக் கொண்டு வேண்டிய வடிவம் செய்தல் மனிதக் கைவினைஞனுக்கும் கூடுமே. கடவுளின் ஆற்றலுக்கு அதில் என்ன சிறப்பு? ஆதலின் அவர் இல்லாததிலிருந்தே படைத்தார் என்பது அவர் முடிபு. இன்று கிறிஸ்தவர்க்கெல்லாம் பொதுவாயுள்ள இக்கொள்கை இவ்வளவு தெளிவாக வடிவெடுத்தது கிரேக்க ஞானத்தோடு மோதிய மோதலிலேதான் என்பதைக் கவனிக்க.

ஞானிகள் வாளாவிருந்தனரோ? இல்லை. பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் வைத்தியரான காலன், உடலுறுப்புக்களின் பயனைப் பற்றி எழுதிய பெருநூலில் கண்ணிமை மயிரை எடுத்துக்கொண்டார். அது தலைமயிரைப் போல நீளாமலும், சாயாமலும் நிற்பது ஏன்? கடவுள் அவ்வாறு விரும்பினார், ஆகவே ஆயிற்று என்பது மோசேயின் வழி. காலனுக்கு அது போதவில்லை. மென்மையான தசையில் மயிரை நட்டுவிட்டு, எத்துணை முறை நில் என்றாலும் அது நில்லாது. ஆதலின் அதனை உறுதியான பகுதியில் ஊன்றியதே படைப்போனின் அறிவு. சாம்பலிலிருந்து குதிரையையோ எருதையோ கடவுள் நினைத்த மாத்திரத்தில் ஆக்குவார் என்று அவர்கள் கொள்வர். நாமோ இயற்கையில் இயலாதன சில உண்டு, இயலுவனவற்றுள் சிறந்ததையே கடவுள் தெரிந்தெடுக்கின்றார் என்போம் என்று அவர் வேறுபாட்டை வரையறுத்தார். எல்லாம் தற்செயல் என்ற எப்பிக்கூரஸைவிட மோசே மேல் என்றும் நடுவுநிலை பிறழாமல் குறித்துவைத்தார். மதச் சண்டையில் இத்தகைய எதிரி வாய்ப்பது அரிது.

செல்ஸஸும் ஓரிஜனும்

அதே காலத்தில் செல்ஸஸ் என்னும் ஞானி கிறிஸ்தவத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். உலகம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்பதை அவர் ஒப்பவில்லை; எறும்புக்கும் தேனீக்கும் அதில் மனிதனுக்குள்ள பங்கே உண்டு என்றார். இத்துடன் அவர் நிற்கவில்லை. கம்பளி நெய்வோர், செருப்புத் தைப்போர், வெளுப்போர் ஆகிய எழுத்தறியாத் தொழிலாளரே இம்மதத்தைப் பரப்புகின்றனர் என்றும், கற்றோர் எதிரில் வாய் திறவாத அவர்கள் பெண்களையும் சிறுவரையும் தனியே கண்டு போதிக்கின்றனர் என்றும் இகழ்ந்தார். இக்கட்டுரையைப் படிப்போரில் கையால் உழைத்து உண்போர் பலர். அவர்கள் இவ்விடத்தை ஊன்றி நோக்க வேண்டும். ஆராயாமல் நம்பு என்று சொல்லுதல் தகாது என்ற அளவில் செல்ஸஸ் கூறியது நல்ல நியாயம். செருப்புத் தைப்பவனுக்குக் கடவுளைப்பற்றிப் பேச என்ன தகுதி என்றது நியாயமன்று. அது கல்வியின் செருக்கு. பேசுபவனின் தொழிலைக் கொண்டு அவன் சொல்லை அளப்பவர் எத்துணை நூல் கற்றிருப்பினும் அறிவாளர் ஆகார்.

செல்ஸஸுக்கு விடை எழுதியவர் அலெக்ஸாந்திரியா நகரில் தோன்றிய ஓரிஜன்; காலம் கி.பி. 248ஐ ஒட்டியது, நூல் 8 பகுதிகள் கொண்டது. ஓரிஜன் ஒரு நல்ல முறையைக் கையாண்டார். எதிரியின் வார்த்தையை முதலில் அப்படியே எடுத்தெழுதி, அதன்பின் தம் மறுப்பை எழுதிச் சென்றார். விளைவு என்ன? செல்ஸஸின் மூலநூல் அழிந்து போயிற்று. ஆயினும் அதன் பெரும்பகுதி, அதனை மறுக்க எழுந்த நூலின் உள்ளேயே உயிரோடிருக்கின்றது.

ஆனால் அந்நாட்களில் வாதத்தின் பக்கத்திலேயே வாளும் நின்றது. முதலில் அது பிரசாரகர்மேல் விழுந்தது. கி.பி. 165ஐ ஒட்டி ஜஸ்டின் சிரச்சேதம் செய்யப்பட்டார். அத்தீர்ப்பை அளித்த ரஸ்டிகஸ், மார்க்கஸ் அவுரேலியஸுக்கு ஸ்தோயிக்க ஞானம் போதித்த ஆசிரியர். ஏதென்ஸில் ஸ்தோயிக்கர் பவுலைக் கேட்டுவிட்டுப் போகவிட்டனர். ரோமாபுரியில் அதிகாரம் கையிலிருந்த ஸ்தோயிக்கர் ஜஸ்டினைக் கொன்றார். ஓரிஜனும் கி.பி. 250இல் டேசியஸ் மன்னன் காலத்துக் கொடுமையில் சித்திரவதைக்குள்ளாகி, சில ஆண்டுகளில் இறந்தார்.

அதிகாரம் கைமாறிய பின்

சக்கரம் சுழன்றது. கி.பி. 313இல் கிறிஸ்து மதத்திற்கு முழு உரிமை கிடைத்தது. கி.பி. 380இல் தியோடோசியஸ் அதனையே அரசாங்க மதமாக்கினார். கி.பி. 415இல் அலெக்ஸாந்திரியாவில் ஹைப்பேஷியா என்னும் பெண் ஞானியை ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொன்றது. அச்செயலை அக்காலத்துக் கிறிஸ்தவ சரித்திராசிரியர் ஒருவரே கடிந்தெழுதினார். கிறிஸ்தவருக்கு எதிராகப் போர்பிரி எழுதிய நூலைத் தீயிட வேண்டுமென்று கி.பி. 448இல் அரச கட்டளை பிறந்தது. ஓரிஜன் மறுத்த செல்ஸஸை இன்று நாம் படிக்கலாம். அரசர் எரித்த போர்பிரியின் அந்நூலில் சிதறிய துணுக்குகளே மிஞ்சின.

கி.பி. 529ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் மறக்கலாகாத ஆண்டு. அவ்வாண்டு இரு காரியங்கள் நிகழ்ந்தன. அலெக்ஸாந்திரியாவில் பிலோபோனஸ் என்னும் கிறிஸ்தவ ஞானி, உலகம் தொடக்கமற்றது என்று 18 வாதங்களால் நாட்டிய புரோக்ளஸுக்கு மறுப்பு எழுதினார். அவர் வேதத்தைக் காட்டி வாதிக்கவில்லை. கிரேக்கரின் தர்க்கத்தையே கருவியாக்கினார். உலகம் தொடக்கமற்றதாயின் எண்ணிறந்த காலம் ஏற்கெனவே கழிந்து இந்நாளை வந்தடைந்திருக்க வேண்டும். எண்ணிறந்தது கழிந்து முடிவது எங்ஙனம் என்று வினவினார். பவுல் தொடங்கிய வாதம் இங்கே தன் உச்சியை எட்டியது எனலாம். அதே ஆண்டில் ஜஸ்டினியன் பேரரசர் ஏதென்ஸில் தத்துவம் போதிக்கலாகாது என்று தடை விதித்தார். பிளேட்டோவின் வழிவந்ததாகத் தன்னைக் கூறிக்கொண்ட பள்ளி மூடப்பட்டது. தமாஸ்கியஸ், சிம்பிளிகியஸ் உள்ளிட்ட ஞானிகள் எழுவர் பாரசீக மன்னர் கொஸ்ரோவின் அரசவையை நாடிச் சென்றனர். அங்கும் அவர்கள் மனம் அமையவில்லை. கி.பி. 532இல் ரோமரும் பாரசீகரும் செய்த உடன்படிக்கையில், இவர்கள் தாய்நாடு திரும்பித் தம் கொள்கையோடு வாழலாம் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. கிறிஸ்தவரல்லாத கிரேக்க ஞானிகளுக்குக் காப்பளிக்க ஓர் அந்நிய மன்னர் பேரம் பேச வேண்டியிருந்தது.

திரும்பி வந்த சிம்பிளிகியஸ் சும்மா இருக்கவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு உரை வகுக்கும்போது, பிலோபோனஸ் அரிஸ்டாட்டிலை எதிர்த்து எழுதிய நூலைக் கடுஞ்சொற்களால் தாக்கினார்; தாக்குவதற்காக அதனை விரிவாக எடுத்தெழுதினார். பிலோபோனஸின் அந்நூல் பின்னர் அழிந்தது. அவர் வாதம் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிம்பிளிகியஸின் உரையிலிருந்தே. புரோக்ளஸின் 18 வாதங்களும் அவரை மறுத்த பிலோபோனஸின் நூலாலேயே பெரும்பாலும் பிழைத்தன.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? உலகிற்குப் படைப்போன் உண்டா இல்லையா என்பதை இக்கட்டுரை தீர்க்கப் புகவில்லை. ஆனால் ஒன்று சரித்திரத்தில் தெளிவாய்த் தெரிகின்றது. ஒருவரையொருவர் சொல்லால் எதிர்த்த போதெல்லாம் இரு திறத்தாரும் தம் எதிரியின் கருத்தையும் காத்துத் தந்தனர். தம் கருத்தையும் கூர்மைப்படுத்திக்கொண்டனர். அரச ஆணை புகுந்த இடத்திலெல்லாம் நூல் எரிந்தது, உயிர் போயிற்று, பள்ளி மூடிற்று. வாள் யார் கையிலிருந்தது என்பதனால் இதில் வேறுபாடு உண்டாகவில்லை.

மார்ஸ் மேடைப் பாறையில் பவுலின் பேச்சைக் கிரேக்க மொழியில் பொறித்த வெண்கலப் பலகை ஒன்று இன்று பதிக்கப்பட்டிருக்கின்றது. அக்ரோபோலிஸின் தெற்கே செல்லும் வீதி தியொனீசியுவின் பெயர் தாங்குகின்றது. நகைத்தவர் பெயரையும், பிறிதொருகால் கேட்போம் என்றவர் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. நம்பவும் செய்யாமல், நகைக்கவும் செய்யாமல், இன்னொரு நாள் வந்து சொல்லும் என்று ஓர் அந்நியருக்கு இடங்கொடுத்த அம்மனிதரை நாம் மதித்தல் வேண்டும். நம் இல்லத்திலும் சங்கத்திலும் மாற்றுக் கருத்துடையார் எழுந்து பேசும்போது அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய வழக்கம் அதுவே.